மூன்றாவது டேப்

முன்சீப் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருடம் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் பூமிநாதன். காரைக்குடி கழனிவாசலில் அவர் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யோசிப்பார்கள். கோர்ட்டு சார் வீடு என்றால் உடனே கையைக் காட்டுவார்கள். தெருவில் ஏதாவது வாய்த்தகராறு வந்தால் அவரைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைப்பார்கள். அவர் தீர்ப்பெல்லாம் சொல்வதில்லை. "நடந்ததை நடந்தபடி சொல்லுங்கப்பா" என்பார். அதற்கே பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. வீட்டில் எது பழுதானாலும் ஆள் கூப்பிடுவதில்லை. போனில் வீடியோ பார்த்து, மருமகன் வாங்கிக் கொடுத்த டிரில் மெஷினை வைத்துக்கொண்டு தானே பிரிப்பார், தானே மாட்டுவார். பாதி சரியாகும். மீதியைப் பற்றி அவர் மனைவி சோணையம்மாள் வெளியில் மூச்சு விடுவதில்லை.

போன ஆனி மாதம் கொல்லையில் இருந்த தண்ணீர் மோட்டார் கசிய ஆரம்பித்தது. மூடியை இறுக்கிப் பிடிக்கும் நாலு போல்ட்டில் ஒன்று, மரை தேய்ந்துபோய்ச் சும்மா சுற்றியது. பூமிநாதன் வீடியோ பார்த்தார். துளையைக் கொஞ்சம் பெரிசாக்கி, உள்ளே புதுசாக மரை வெட்டி, அதற்கேற்ற பெரிய போல்ட் போட வேண்டும். வீடியோவில் ஒரு மீசைக்காரர் அதை நாலு நிமிடத்தில் செய்து முடித்தார்.

மரை வெட்டுவதற்கு டேப் என்ற திருகாணி மாதிரிக் கருவி வேண்டும். தெருமுனையில் முத்துக்கருப்பனின் லேத் பட்டறை இருந்தது. அங்கே போய்க் கேட்டார்.

"மோட்டாரைக் கழட்டித் தூக்கிட்டு வந்துருங்க சார். சாயங்காலத்துக்குள்ள போட்டுத் தந்துர்றேன்" என்றான் முத்துக்கருப்பன்.

"எதுக்குப்பா அம்புட்டு சிரமம்? டேப்பை மட்டும் குடு. நானே போட்டுக்கிறேன்."

பட்டறைச் சாமான்களை வெளியில் கொடுக்கும் வழக்கம் முத்துக்கருப்பனுக்குக் கிடையாது. ஆனால் கேட்பது கோர்ட்டு சார். "ரேணுகா, பத்து எம்.எம். செட்டை எடுத்தா" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

ரேணுகாவுக்கு முப்பத்துநாலு வயது இருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தவள். இரும்புத்தூளை அள்ளிக்கொண்டே மெஷின் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, இப்போது டிரில் மெஷின் முழுக்க அவள் பொறுப்பு. மரை வெட்டுவதில் முத்துக்கருப்பனைவிட அவள் கை சுத்தம் என்று வாடிக்கைக்காரர்களே சொல்வார்கள். அவள் ஒரு வேப்பங்கட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். கட்டையில் மூன்று குழி. மூன்றிலும் சுண்டுவிரல் கனத்தில் ஒவ்வொரு டேப், சதுரத் தலை மட்டும் வெளியே தெரிய நின்றது. முதல் டேப்பின் நுனி கூம்பியிருக்கும். அது வழி பண்ணும். இரண்டாவது மரையை ஆழமாக்கும். மூன்றாவது அடிவரைக்கும் போய் முடித்துக் கொடுக்கும்.

"சார், ஓட்டை அங்குட்டுத் தொறந்திருக்கா, அடி மூடியிருக்கா?" என்று ரேணுகா கேட்டாள்.

"மூடித்தான் இருக்கு."

"அப்ப மூணாவது வரைக்கும் போடணும். அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. மூணாவதை விடுறதுக்கு முந்தி உள்ள கிடக்குற தூளைத் தட்டி எடுத்துருங்க. அடியில முட்டுனா கைக்கே தெரியும். அதுக்கு மேல திருகாதீக சார், ஒடிஞ்சுரும்."

பட்டறையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பூமிநாதனுக்குச் சுருக்கென்றது. நேற்றுவரை விளக்குமாறு பிடித்தவள் நமக்குச் சொல்லித்தருகிறாளா என்று ஒரு நினைப்பு. நினைப்பாகக்கூட இல்லை, ஒரு எரிச்சல்.

"தெரியும்மா" என்று கட்டையையும், டேப்பைத் திருகும் கைப்பிடியையும் வாங்கிக்கொண்டு நடந்தார்.

முதல் டேப் பிரச்சினை இல்லாமல் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. பூமிநாதனுக்கு உற்சாகமாகிவிட்டது. மூன்றாவதைக் கைப்பிடியில் மாட்டித் துளைக்குள் விட்டுத் திருகினார். தூளைத் தட்ட வேண்டும் என்பது நினைவில் இருந்தது. மோட்டாரைக் கவிழ்த்துத் தட்டச் சோம்பலாக இருந்தது. ஒரு இடத்தில் டேப் நின்றது. மரை இன்னும் வெட்டவில்லை போலிருக்கிறது, அதனால்தான் இறுக்கம் என்று நினைத்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து ஓங்கி ஒரு திருகு திருகினார்.

டக்கென்று சத்தம். கைப்பிடி லேசாகக் கையோடு வந்துவிட்டது. டேப்பில் பாதிதான் அதில் இருந்தது. மீதி துளைக்குள்.

"என்னங்க அது சத்தம்?" என்று சோணையம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ஒன்னுமில்ல" என்றார்.

துளைக்குள் மாட்டிய துண்டை எடுக்க இடுக்கி, ஆணி, சுத்தியல் எல்லாம் வைத்துப் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்து, மூன்று போல்ட்டை மட்டும் முறுக்கிவிட்டார். கசிவு குறைந்தது. உடைந்த டேப்பைத் துடைத்து, கட்டையின் மூன்றாவது குழியில் நிறுத்தினார். உடைந்த பக்கம் கீழே போய்விட்டது. சதுரத் தலை மட்டும் மற்ற இரண்டோடு சமமாக நின்றது. மறைக்க வேண்டும் என்று அப்போது அவர் நினைக்கவில்லை. கட்டையில் வைக்கிற விதமே அதுதான். காலையில் கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார்.

மறுநாள் பட்டறையில் முத்துக்கருப்பன் இல்லை. ரேணுகா மட்டும் நின்றாள். கட்டையைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"நல்லா விழுந்துச்சா சார்?"

"ம்."

"நான்கூட நேத்துப் பூராவும் பயந்துக்கிட்டே இருந்தேன் சார், மூணாவதை ஒடிச்சுருவீகளோன்னு. பழகாத கைக்கு அது நிக்காது. பரவால்ல, நல்ல கைதான் உங்களுக்கு" என்று சிரித்தாள்.

மனசாரத்தான் சொன்னாள். அவர் வாயில் வைத்திருந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது. கட்டையை அவள் வாங்கி, தலைகளை மேலோட்டமாகப் பார்த்து, அலமாரியில் வைத்தாள். பூமிநாதன் வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேப்பரை விரித்தபடி உட்கார்ந்திருந்தார், ஒரு வரியும் படிக்காமல்.

மறுநாளே இரும்புச் சாமான் கடைக்குப் போனார். மூன்றாவது டேப்பை மட்டும் வாங்கி, யாரும் பார்க்காதபோது கட்டையில் மாற்றி வைத்துவிடலாம் என்பது திட்டம். மோட்டாருக்கென்று வாங்கி வைத்திருந்த பெரிய போல்ட்டைக் காட்டினார். கடைக்காரர் அதைச் சீப்பு மாதிரி இருந்த ஒரு தகட்டில் வைத்து மரையின் இடைவெளியை அளந்து, "ஒன்னரை பிட்ச்" என்றார். "ஆனா மூணாவது மட்டும் தனியாத் தர மாட்டோம் அய்யா. செட்டாத்தான் வரும். ஏன், ஒடைச்சுட்டீகளோ?"

அதில் கேலி ஒன்றும் இல்லை. தினமும் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்விதான்.

"எனக்கில்லப்பா. தெரிஞ்சவருக்கு" என்றார் பூமிநாதன்.

செட்டாகவே வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பையோடு இரண்டு முறை பட்டறைக்குப் போனார். ஒருமுறை சைக்கிள் பெடலைக் காட்டினார். ஒருமுறை சும்மா மழையைப் பற்றிப் பேசினார். அலமாரி ரேணுகாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் ஒருமுறைகூட அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வீட்டுக்கு வந்து பையை பீரோவுக்குப் பின்னால் சொருகினார். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. மூன்றாவது டேப் எப்போதாவது அபூர்வமாகத்தான் தேவைப்படும், அடி மூடிய துளைக்கு மட்டும். அப்படி ஒரு வேலை வராமலே போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வந்தது. ஆடி மாதம் ஒரு அரிசி மில்லிலிருந்து அவசர வேலை. முத்துக்கருப்பனே டேப்பை எடுத்தவன், மூன்றாவதைக் கட்டையிலிருந்து உருவினான். பாதிதான் வந்தது.

பூமிநாதன் எதிரே டீக்கடையில் பெஞ்சில் இருந்தார். பட்டறையில் சத்தம் கேட்டு ஐந்தாறு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் மூணாவதைத் தொடவே இல்லண்ணே" என்று ரேணுகா சொல்லிக்கொண்டிருந்தாள். "பில்டிங் வேலைக்கு ஒன்னையும் ரெண்டையும்தான் எடுத்தேன்."

"நீ தொடாம, நான் தொடாம, டேப்பு தானா ஒடிஞ்சுச்சா?" என்றவன் திரும்பி, தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தான். "சார்! தப்பா நினைக்காதீக. நீங்க திருப்பிக் குடுக்கும்போது மூணும் நல்லாத்தானே இருந்துச்சு?"

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. ரேணுகாவின் முகமும். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குள் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"ஆமாப்பா. நல்லாத்தான் இருந்துச்சு."

ரேணுகா வாசலுக்கு வந்தாள். "சார், நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லுங்க."

எத்தனை சாட்சிகளை அவர் கூண்டில் பார்த்திருக்கிறார். பொய் சொல்கிறவன் கேட்டவன் முகத்தைப் பார்க்க மாட்டான், கை எதையாவது தடவிக்கொண்டே இருக்கும். தன் கட்டைவிரல் டீ கிளாசின் விளிம்பைத் தடவிக்கொண்டிருப்பதைப் பூமிநாதன் பார்த்தார். "அதான் சொன்னேனேம்மா" என்றார்.

"சாரு எதுக்குப் பொய் சொல்லப்போறாரு?" என்றான் முத்துக்கருப்பன். "ஒடைச்சதுக்குக்கூட நான் ஒன்னும் சொல்லல ஆத்தா. தொழில்னா ஒடையத்தான் செய்யும். ஒடைச்சுட்டு, தலையை மட்டும் வெளிய காட்டி நட்டு வச்சிருக்க பாரு, அந்தப் புத்திதான் எனக்கு ஆகாது. நாளையில இருந்து வராத."

ரேணுகா அழவில்லை. கையை சோப்புத்தூள் போட்டுக் கழுவினாள். விரலிடுக்கில் இருந்த கரி போகிறவரைக்கும் நிதானமாகத் தேய்த்தாள். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு டீக்கடையைத் தாண்டித்தான் போனாள். பூமிநாதனைப் பார்க்கவில்லை. அவர் டீயை முழுக்கக் குடித்தார். பாதியில் வைத்தால் யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்று தோன்றியது.

விஷயம் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. சோணையம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே நின்றாள்.

"அன்னைக்கு டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே."

அவர் தட்டைப் பார்த்தார்.

"நான் ஒன்னும் கேக்கல. மோட்டார்ல இன்னைக்கும் மூணு போல்ட்டுதான் இருக்கு. அதைத்தான் சொன்னேன்" என்று உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

பூமிநாதன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். நடக்கப் போனால் சுற்றுவழியாகப் போனார். கோயிலுக்குக் கூப்பிட்டார்கள், முட்டி வலி என்றார். ஒருநாள் மேலத்தெருவில் அண்ணன் தம்பிக்குள் வேலித் தகராறு என்று இரண்டு பேர் அவரைக் கூட்டிப்போக வந்தார்கள். "நீங்க வந்து உக்காந்தாப் போதும் சார்" என்றார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு மஞ்சள் பையை எடுத்தார்.

பட்டறையில் ரேணுகா நின்ற இடத்தில் புது ஆள் ஒருவன் நின்றான். பூமிநாதன் பையை மேசைமேல் வைத்தார்.

"முத்துக்கருப்பா, அந்த டேப்பை ஒடைச்சது நான்தான். அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல."

முத்துக்கருப்பன் ஒரு நிமிடம் விழித்தான். பிறகு சிரித்துவிட்டான். "அட, இதுக்கா சார் இப்படி முகம் வெளுத்துப்போயி வந்து நிக்கிறீக? உக்காருங்க மொதல்ல." துணியால் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பெட்டியைத் திறந்து ஒரு டேப்பை நகத்தில் உரசிப் பார்த்தான். "நல்ல சாமானா வாங்கியிருக்கீக. எங்கிட்ட இருந்தது பழசு."

"ரேணுகாவைக் கூப்பிடுப்பா."

"கூப்பிடலாம் சார். இப்பத்தானே ஆள் போட்டேன், பாப்போம். அவளும் சும்மா இல்ல, மானகிரியில இரும்பு கேட்டும் கிரில்லும் அடிக்கிற அன்வர் சாதிக் பாய்கிட்ட சேர்ந்துட்டா. நீங்க இதை மனசுல வச்சுக்காதீக. டீ சொல்லவா?"

இதே ஆள்தான் இதே இடத்தில் நின்று, அந்தப் புத்தி எனக்கு ஆகாது என்று சொன்னவன். அந்தப் புத்திக்கு இப்போது நாற்காலியைத் துடைத்துப் போடுகிறான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பூமிநாதனுக்குத் தோன்றியது. டீ வேண்டாம் என்று எழுந்து, அப்படியே பஸ் ஏறினார்.

மானகிரியில் ரோட்டோரம் தகரக் கொட்டகை. வெளியே பாதி முடிந்த கேட்டுகள் சாய்ந்து நின்றன. ரேணுகா தரையில் உட்கார்ந்து, வெட்டிய இரும்புப் பட்டைகளின் பிசிறை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். விரல்களில் நாலைந்து இடத்தில் பிளாஸ்திரி.

"வாங்க சார்" என்றாள், பழக்கத்தில். எழுந்திருக்கவில்லை.

"ரேணுகா, அந்த டேப்பு..."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"வீட்டுல போயி உக்காந்து யோசிச்சேன். நான் எடுக்கல, அண்ணன் எடுக்கல. கட்டை வெளிய போனது உங்க வீட்டுக்குத்தான். இதுக்குப் பெரிய படிப்பா வேணும்?"

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொன்னா? கோர்ட்டு சார் பொய் சொல்றாருன்னு நான் சொல்லி, யாரு சார் கேப்பாக?" அரம் நிற்கவில்லை. "இப்ப என்ன, மன்னிச்சுருன்னு கேக்க வந்தீகளா?"

அதற்குத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் ஒத்திகை பார்த்திருந்தார். அவள் வாயிலிருந்து வந்ததும் அது ஒன்றுக்கும் உதவாததாகிவிட்டது.

"அதைப் பெறகு பாப்போம்" என்றாள் ரேணுகா. "மொதல்ல பாய்கிட்டச் சொல்லுங்க. முத்துக்கருப்பண்ணன் இவருக்குப் போன் போட்டு, அந்தப் பொம்பளை கையில சாமானைக் குடுக்காதீக, ஒடைச்சு மறைச்சுருவான்னு சொல்லியிருக்காரு. வந்ததுல இருந்து இந்த அரத்தைத் தவிர எதையும் தொட விடல."

"சரிம்மா. அவரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிர்றேன்."

அரம் நின்றது. "என்னைப் பத்தித் தனியாவா சார் சொன்னீக?"

அவள் எழுந்து உள்ளே போய், "பாய், ஒரு நிமிசம் கட்டரை நிப்பாட்டுங்க" என்றாள். பொறி பறப்பது நின்றது. அன்வர் சாதிக் கண்ணாடியைக் கழற்றினார். வேலையாட்கள் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் பூமிநாதனைவிட இருபது, முப்பது வயது இளையவர்கள். அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வெள்ளை வேட்டியும் கையில் மடித்த குடையுமாக ஒரு பெரியவர்.

"நான் காரைக்குடி, கழனிவாசல்" என்று ஆரம்பித்தார். "முத்துக்கருப்பன் பட்டறையில ஒரு டேப்பு ஒடைஞ்சு போச்சு..."

"ஒடைஞ்சு போகல சார்" என்றாள் ரேணுகா பின்னாலிருந்து.

பூமிநாதனுக்குக் காது சுட்டது. "ஒடைச்சேன்" என்றார். "நான்தான் ஒடைச்சேன். இந்தப் பிள்ளை எப்படிப் போடணும்னு சொல்லித்தான் குடுத்துச்சு. நான் கேக்கல. ஒடைஞ்சதைச் சொல்லாம அப்படியே திருப்பி வச்சேன். பெறகு எல்லார் முன்னாலயும் கேட்டப்ப, நான் குடுக்கும்போது நல்லா இருந்துச்சுன்னு பொய் சொன்னேன். அதனாலதான் இதுக்கு வேலை போச்சு. இதுதான் நடந்தது."

வேலையாட்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்வர் சாதிக் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"வயசுல பெரியவுக, இம்புட்டுத் தூரம் வந்து சொல்றீகளே. அதுவே பெரிய விசயங்க."

"பெரிய விசயமெல்லாம் இல்ல பாய்" என்றாள் ரேணுகா. "சொல்ல வேண்டியதைச் சொல்றாரு."

அன்வர் சாதிக் அவளைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். சுவரோரம் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து டேப்புகளையும் கைப்பிடியையும் எடுத்து நீட்டினார். "ஒரு கேட்டு மோட்டார் மாட்டுற பிளேட்டுல எட்டு ஓட்டை கிடக்குக்கா. மரை போட்டுர்றீகளா?"

ரேணுகா வாங்கினாள். மேசையில் இருந்த வைஸ் பிடியில் பிளேட்டை இறுக்கி மாட்டினாள். முதல் டேப்பைத் துளையில் நிறுத்தி, குனிந்து இரண்டு பக்கமும் நேராக நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு விரலால் மெல்லத் திருகினாள். பூமிநாதன் பக்கத்தில் போய் நின்றார்.

"ரேணுகா, என்னை..."

"காரைக்குடி பஸ்சு இப்ப வந்துரும் சார். இதை விட்டா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் நிக்கணும்" என்றாள். நிமிரவில்லை.

அவர் ரோட்டுக்கு வந்து நின்றார். உள்ளே கட்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். வீட்டில் சோணையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் முந்திப் போயிருக்கலாம்" என்றாள்.

பத்து நாள் கழித்து முத்துக்கருப்பன் ரேணுகாவுக்குப் போன் பண்ணி வரச்சொன்னானாம். அங்கேயே சரியாக இருக்கிறது என்று அவள் வைத்துவிட்டாளாம். இதைச் சொன்னவனும் முத்துக்கருப்பன்தான், டீக்கடையில் வைத்து. பூமிநாதன் அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு டீக்கடைக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"கோர்ட்டு சார் மாதிரி ஒரு மனுசனைப் பாக்க முடியாதுப்பா" என்று முத்துக்கருப்பன் கடையில் இருந்தவர்களிடம் சொன்னான். "ஒரு டேப்பு. யாருக்குத் தெரியப்போகுது? தானே வந்து ஒத்துக்கிட்டு, புது செட்டும் வாங்கிக் குடுத்து, மானகிரி வரைக்கும் போயிருக்காரு. எம்புட்டுப் பெரிய மனசு!"

"பெரிய மனுசன்னா சும்மாவா?" என்றார் ஒருவர்.

பூமிநாதன் டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தார். சும்மா இருந்திருந்தால் பேச்சு அப்படியே வேறு பக்கம் போயிருக்கும். மேலத்தெருவிலிருந்து மறுபடி கூப்பிட வருவார்கள், அவரும் போய் நடுவில் உட்காரலாம்.

"பெரிய மனசெல்லாம் இல்லப்பா" என்றார். "இந்த இடத்துல, இதே பெஞ்சுல உக்காந்துதான் பொய் சொன்னேன். நல்லா நினைச்சுப் பாருங்கன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு. அப்பவும் சொன்னேன். நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீக."

ஒருவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். டீக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார். யாரோ, இந்த வருசம் கண்மாய்க்குத் தண்ணி வருமா என்று கேட்டார்கள். எல்லாரும் அவசரமாக அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பூமிநாதன் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்து, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாரேன்" என்றார். யாராவது பதில் சொல்லியிருந்தாலும் அவர் காதில் விழவில்லை.